மெடிக்கல் ஷாப்போடு நின்று போகும் ஜுரக் கணக்கு
புதுப்பட்டினம் வட்டாரத்தில் உஷார் தேவை

கல்பாக்கம்:
"ரெண்டு நாளா ஜுரம்ணே. உடம்பெல்லாம் வலிக்குது. ஒரு செட் மாத்திரை குடுங்க."

மழைக்காலம் வந்துவிட்டால் புதுப்பட்டினம் மட்டுமல்ல, எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கும் பேச்சுதான் இது. மாத்திரை போட்டதும் ஜுரம் விட்டுவிடலாம். ஆனால் அந்த ஜுரம் அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஒரே தெருவில் பத்து பேர் இப்படி மாத்திரை வாங்கினாலும் சுகாதாரத்துறைக்குத் தெரியப் போவதில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கணக்கு எடுப்பது யார்?

1994-ல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பி மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தனர். நோயை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் டெல்லிக்கு வலுத்தது. 2004-ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது.

கிராம சுகாதார நர்சு வீடு வீடாகப் பார்ப்பது ஒரு கணக்கு. டாக்டர் பார்த்துச் சொல்வது இரண்டாவது. லேப்பில் உறுதியாவது மூன்றாவது. காகிதத்தில் வாரம் ஒருமுறை போன இந்த விவரங்கள், 2021 ஏப்ரல் முதல் ஆன்லைனுக்கு மாறின. ஒரு ஊரில் வழக்கத்தைவிட ஜுரமோ வயிற்றுப்போக்கோ கூடினால் உடனே ஆட்களை அனுப்பி விசாரிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் விவரம் உள்ளே போனால்தானே மணி அடிக்கும்? தனியார் கிளினிக்கும் மெடிக்கல் ஷாப்பும் வாய் திறக்காவிட்டால் நர்சு மட்டும் என்ன செய்வார்?

போஸ்ட் கார்டு போதும்

இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டாம் என்று 1980-களிலேயே காட்டியது வேலூர். அப்போதைய வடஆற்காடு மாவட்டத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர் டி.ஜேக்கப் ஜான் குழுவினர், அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்று பாராமல் எல்லோரையும் சேர்த்தனர். குறிப்பிட்ட நோயைப் பார்த்தால் ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான். கண்காணிப்பு நடந்தது.

சிலிகுரியும் கோழிக்கோடும்

மேற்கு வங்காளம் சிலிகுரியில் 2001-ல் மர்ம ஜுரம் பரவியது. 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தனர். அது 'நிபா' என்று தெரியவே பல வருடம் ஆனது.

அதே நிபா 2018 மே மாதம் கேரளா கோழிக்கோட்டுக்கு வந்தது. தம்பி இறந்த சில நாளில் அண்ணனுக்கும் அதே அறிகுறி. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் ஜுரம். "ஒரே வீட்டில் இத்தனை பேருக்கா?" என்று சந்தேகப்பட்ட தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்கள் உடனே சாம்பிளை அனுப்பினர். 17 பேர் உயிர் போனது சோகம்தான். ஆனால் ஒரு டாக்டரின் சந்தேகம் அன்று வாயோடு நின்றிருந்தால் பலி எங்கே போய் நின்றிருக்கும்?

நம்ம ஊர் நிலவரம்

நம் பகுதி சாதாரணமானதல்ல. கல்பாக்கம் வேலைக்கு வெளிமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பகலாக வண்டி ஓடுகிறது. நோய்க்கும் அதுதான் ரோடு. 2020-ல் கோயம்பேடு மார்க்கெட்டில் பற்றிய கொரோனா, செங்கல்பட்டு மாவட்டம் வரை எப்படி வந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

மாநிலத்தில் டெங்கு 2012-ல் 66 பேரையும், 2017-ல் 65 பேரையும் கொண்டுபோனது. கொசு முட்டையிடும் தொட்டியை ஒரு வாரம் முன்னால் கவிழ்த்தால் அந்தத் தெரு தப்பும். அந்த ஒரு வாரத்தைத்தான் நாம் மெடிக்கல் ஷாப் வாசலில் தொலைக்கிறோம்.

தகர பயம்

மக்கள் சொல்லத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. கொரோனா சமயத்தில் வீட்டு வாசலில் தகரம் அடித்ததை ஜனங்க மறக்கவில்லை. "சொன்னா நம்மளத்தான் ஒதுக்கி வைப்பாங்க" என்ற பயம் இன்னும் இருக்கிறது. இந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு. தகவல் சொன்னவரைக் குற்றவாளி மாதிரி நடத்தினால் அடுத்த முறை எவரும் சொல்ல மாட்டார்.

அதேபோல, தொற்றுநோயைப் பார்க்கும் டாக்டர் தகவல் தர வேண்டும் என்பது 1939-ம் வருட பொது சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் புதிதாகத் தேவையில்லை. நினைவூட்ட ஆள்தான் தேவை.

என்ன செய்யலாம்?

ஒரே தெருவில் மூன்று நான்கு பேருக்கு ஒரே மாதிரி ஜுரமா? ஒரே குழாய்த் தண்ணீர் குடித்த வீடுகளில் வயிற்றுப்போக்கா? கிராம சுகாதார நர்சிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 104-க்கு ஒரு போன் போடுங்கள்.

மெடிக்கல் ஷாப்காரர்களும் ஜுர மாத்திரை திடீரென்று அதிகம் விற்றால், கல்லாவைப் பார்ப்பதோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லலாமே!