நகரம் பெருகுகிறது, பலன் யாருக்கு?

இந்தியாவில் நூற்றுக்கு 31 பேர் நகரங்களில் வாழ்கிறார்கள் என்றது 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 48 பேர். பெரிய மாநிலங்களில் இதுவே முதலிடம். நகரம் பெருகினால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் வறுமை தானே ஒழியும் என்று ஆட்சியாளர்களும் முதலாளிகளும் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு?

உண்மை உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. கோவையையே பாருங்கள். 1888ல் அங்கே பஞ்சாலைத் தொழில் துவங்கியது. 1932ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் தோன்றின. பட்டறைகளிலிருந்து வார்ப்படத் தொழிலும், மோட்டார், பம்பு செட் தொழிலும் வளர்ந்தன. அந்தப் பம்பு செட் கிராமத்துக் கிணற்றில் இறங்கித் தண்ணீரை மேலே கொண்டுவந்தது. தொழில்கள் ஓரிடத்தில் கூடினால் ஒன்று மற்றொன்றை வளர்க்கும். தொழிலாளிகள் ஓரிடத்தில் கூடினால் சங்கம் வளரும். மிராசுதார் முன்னே தனியாகக் கைகட்டி நின்றவன், ஆலை வாயிலில் ஆயிரம் பேரோடு நின்று கூலி கேட்டான். இது முன்னேற்றம்தான்.

ஆனால் நகரம் தானாக யாருக்கும் வாழ்வு தந்ததில்லை. கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறார்கள். அசல் மான்செஸ்டரின் கதை என்ன? 1842ல் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கை, அந்த நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17 என்று காட்டியது. கிராமப்புறமான ரட்லண்டில் அதே வர்க்கத்தாருக்கு 38. கூலி மான்செஸ்டரில்தான் அதிகம். ஆயுளோ பாதிகூட இல்லை! சாக்கடையும் நெரிசலும் பச்சிளம் குழந்தைகளைக் கொன்று குவித்தன. உலகத்துக்கே துணி நெய்த நகரத்தின் கதி இது. பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் 1847லும், பொதுச் சுகாதாரச் சட்டம் 1848லும் வந்தன. பத்து மணி நேரச் சட்டம் ஆலை முதலாளிகளின் கருணையால் வந்ததல்ல. தொழிலாளர் பல்லாண்டு காலம் நடத்திய கிளர்ச்சியால் வந்தது.

நம் நாட்டில் நடப்பதென்ன? திருப்பூர் பனியன் கடல் கடந்து போயிற்று. சாயக் கழிவோ நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு நீர்க் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. விவசாயி நிலத்தை இழந்தான். விவசாயத் தொழிலாளி கூலியை இழந்தான். பட்டறைத் தொழிலாளி வேலையை இழந்தான். அதுவரை குவித்த லாபத்தில் இவர்களுக்குப் பங்கு கிடைத்ததா?

நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் கிராமத்து ஏழைப் பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியதை நாடறியும். 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நகரங்களைக் கட்டிய லட்சோப லட்சம் தொழிலாளர் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நடந்தே ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய உழைப்பு நகரத்துக்கு வேண்டும், அவர்கள் வேண்டாம்!

தோழர்களே! ஆலைத் தொழிலாளியின் கூலி ஆலைக்குள்ளே மட்டும் நிர்ணயமாவதில்லை. கிராமத்தில் நிலமும் இல்லை, வேலையும் இல்லை என்றால், அரைக் கூலிக்கும் ஆள் வந்து வாயிலில் நிற்பான். அவனைக் காட்டியே முதலாளி உள்ளே இருப்பவனை மிரட்டுவான். நகரத்தில் நிரந்தர வேலை இல்லை என்றாலோ, கிராமத்து நிலச்சொந்தக்காரன் சொன்னதுதான் கூலி. ஒருவனுடைய பட்டினியே மற்றவன் கழுத்தில் மாட்டிய சுருக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளி நம் கூலியைப் பறிக்க வந்தவனல்ல. தன் கிராமத்தால் விரட்டப்பட்டவன். அவனைப் பகைத்தால் லாபம் முதலாளிக்கே. அவனையும் சங்கத்தில் சேர்த்தால்தான் நம் கூலி நிற்கும்.

நகரம் வளர வளர மனையின் விலையும் ஏறுகிறது. அந்த விலையை ஏற்றியது யார்? சாலை போட்டவன், ஆலை ஓட்டியவன், சாக்கடை அள்ளியவன். பலன் அடைபவனோ மனையை வளைத்துப் போட்டவன். நகர நில உச்சவரம்புச் சட்டம் 1976ல் வந்தது. 1999ல் மத்திய சர்க்கார் அதை ரத்து செய்தது. தமிழ்நாட்டின் சட்டமும் அதே ஆண்டு போயிற்று. உழைப்பாளி ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு, சம்பளத்தில் ஒரு பகுதியை வாடகைக்கும் மற்றொரு பகுதியை பஸ்ஸுக்கும் அழுகிறான்.

ஆகவே நகரமே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கிராமத்து இருட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லவும் நாம் தயாரில்லை. வேலைத்தலத்துக்கு அருகே குறைந்த வாடகையில் வீடு, குடிநீர், வடிகால், கான்ட்ராக்ட் முறை ஒழிந்த நிரந்தர வேலை, வெளிமாநிலத்தாருக்கும் சமக் கூலி, கிராமத்தில் நிலமற்றோருக்கு நிலம், நியாயக் கூலி, அருகிலேயே தொழில் — இவை கிடைத்தால்தான் நகர வளர்ச்சி நாட்டின் வளர்ச்சி. கிடைக்காவிட்டால் அது சிலருடைய பணப்பெட்டியின் வளர்ச்சியே.

இவற்றை ஆலைச் சங்கம் தனியாக வெல்ல முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் தனியாக வெல்ல முடியாது. ஆலை வாயிலும் வயல் வரப்பும் ஒரே குரலில் கேட்கட்டும்!