புள்ளி தெரிகிறது, கை தெரியவில்லை

பழைய காமிக்ஸ் அட்டைகளின் பாணியைக் கணினியில் மீட்டெடுப்பதாகச் சொல்லி இன்று பகிரப்படும் படங்களில் பெரும்பாலானவை எந்தப் பழைய அட்டையையும் ஒத்திருப்பதில்லை. மஞ்சளித்த தாள், மூலையில் ஒரு மடிப்பு, படமெங்கும் பரவிய புள்ளிகள், கோட்டை விட்டுச் சற்றே விலகி நிற்கும் சிவப்பு. இந்த நான்கும் கூடினால் ‘ரெட்ரோ’ பிறந்துவிடுகிறது. ‘இந்திரஜால் காமிக்ஸ் பாணி’ என்ற பெயரோடு வரும் படங்களுக்கும் இதே நான்குதான் மூலதனம். இதை மீட்டெடுப்பு என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். இது மறதிக்கு இடப்பட்ட ஒப்பனை.

முதலில் புள்ளிகளைப் பற்றிப் பேசுவோம். அக்கால அமெரிக்க காமிக்ஸின் வண்ணம் மிகச் சிக்கனமான ஓர் ஏற்பாடு. நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று மைகள். ஒவ்வொன்றுக்கும் வெறுமை, கால், அரை, முழுமை என நான்கு நிலைகள். ஆக மொத்தம் 64 வண்ணங்கள். அவற்றின் மேல் கறுப்புக் கோடு. கால், அரை நிலைகளைக் காட்டவே புள்ளிகள் தேவைப்பட்டன. வாசகரின் கண்ணில் அவை கலந்து ஒரே நிறமாகிவிட வேண்டும் என்பதே அச்சகத்தாரின் நோக்கம். புள்ளி தெரிந்தால் அது அச்சின் வறுமை. ஓவியரின் விருப்பம் அன்று.

மறைய வேண்டிய புள்ளி எப்படிப் பாணியின் அடையாளமாயிற்று? அதற்கான விடை காமிக்ஸில் இல்லை, அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ராய் லிக்டென்ஸ்டைன் காமிக்ஸ் சட்டகங்களைப் பெருந்திரைகளில் பெரிதாக்கி வரைந்தபோது புள்ளிகளையும் பெரிதாக்கினார். அவருடைய புகழ்பெற்ற ‘வாம்!’ ஓவியம் 1963இல் வந்தது. அதற்கு மூலமான சட்டகம் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஒரு போர் காமிக்ஸில் இர்வ் நோவிக் வரைந்தது. ஓவியத்தை உலகம் அறியும். நோவிக்கை எத்தனை பேர் அறிவர்? புள்ளியைப் பெரிதாக்கிக் கையைச் சிறிதாக்கும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது. நம் கணினி ஓவியர்கள் பின்பற்றுவது காமிக்ஸை அன்று, அந்த வழக்கத்தை.

இன்னொன்றும் உண்டு. பழுப்புத் தாளும் பெரும்புள்ளியும் உட்பக்கங்களுக்கு உரியவை. அட்டை மேலான, வழவழப்பான தாளில் தனியே அச்சாகும். கடையில் தொங்கும்போது கண்ணை இழுக்க வேண்டிய பக்கம் அது. அதற்கே கூடுதல் செலவும் கவனமும். அட்டையை மீட்டெடுக்க உட்பக்கத்தின் குறைகளைப் பூசுவது, மணப்பெண்ணுக்கு அடுக்களைக் கரியைப் பூசி அலங்காரம் என்பது போன்றது.

இந்திரஜாலை எடுத்துக்கொண்டால் பிழை இன்னும் ஆழமானது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் ஃபேன்டம் கதையோடு தொடங்கி 1990 வரை நடத்திய வரிசை அது. உள்ளே பெரும்பாலும் அமெரிக்க நாளிதழ்த் தொடர்களின் மறுபதிப்பு. வெளியே இருந்த அட்டைதான் இங்கு வரையப்பட்டது. அவ்வட்டைகளில் பலவற்றைத் தீட்டியவர் கோவிந்த் பிராமணியா. 1976இல் ஆபித் சுர்தி உருவாக்கிய பகதூருக்கு உருவம் தந்தவரும் அவரே. அவை தூரிகையால் தீட்டப்பட்ட முழு ஓவியங்கள்: தசையின் திரட்சி, காட்டின் இருள், விலங்கின் பாய்ச்சல் எல்லாம் வண்ணத்தின் ஏற்ற இறக்கத்தில் வந்தவை. அதாவது அந்தப் புத்தகத்தில் இந்தியக் கை பட்ட பகுதி அட்டையே. அதன்மேல் அமெரிக்க உட்பக்கத்தின் புள்ளியைத் தெளித்து ‘நம் பழைய பாணி’ என்கிறோம். எந்த ஒரு பகுதி நம்முடையதோ, அதைத்தான் அழிக்கிறோம்.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு மேலும் வலிப்பது தலைப்பெழுத்து. இந்திய மொழிக் காமிக்ஸ் அட்டைகளில் தலைப்பு கையால் வரையப்பட்டது. தேவநாகரியின் தலைக்கோடு வாளாக நீளும், இடியாக முறியும், குருதியாக வழியும். எழுத்தின் உறுப்பிலக்கணம் அறிந்த கைக்கே அந்தத் துணிவு வரும். இன்றோ ஆயத்த எழுத்துரு ஒன்றை எடுத்து எழுத்திடைவெளியைக் கூட்டுகிறார்கள். தலைக்கோடு துண்டு துண்டாகிறது. அடோபி மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் இகரக் குறி இடம் மாறி நிற்கிறது. தமிழில் ‘கொ’ என்பது ஓர் எழுத்து. கொம்பும் காலும் மெய்யை இருபுறமும் அணைத்து நிற்கும். ஆங்கில எழுத்தைப் போல ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கட்டத்தில் அடைத்தால் அது எழுத்தே அன்று. இந்திய எழுத்துமுறைகளில் அலகு அட்சரம். கணினியின் குறியெண் அன்று. பழைய அட்டை வரைந்தவர்கள் இதைப் பாடமாகப் படித்திருக்க வேண்டியதில்லை; அவர்களின் விரல்கள் அறிந்திருந்தன.

‘வெறும் நினைவேக்கம்தானே, இதில் என்ன தீங்கு?’ என்பீர்கள். தீங்கு உண்டு. ஒரு பாணியை நான்கு ஃபில்டர்களாகச் சுருக்கிவிட்டால் அந்தப் பாணிக்கு ஆசிரியர் தேவைப்படமாட்டார். ஆசிரியர் தேவைப்படாத பாணியை யாரும் தமதாக்கி விற்கலாம். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘பழைய இந்திய காமிக்ஸ் அட்டை’ என்று ஒரு வரி எழுதிப் பெறுகிறவருக்கு கோவிந்த், பிரதாப் முல்லிக், ராம் வாயீர்கர் என்ற பெயர்கள் எதற்கு? வாழ்நாள் உழைப்பு ஒரு பொதுப்பெயர்ச்சொல்லாகி முடிகிறது.

கருவிகளோடு எனக்குப் பகையில்லை. கருவியை அறியாமல் கையாளும் சோம்பலோடுதான் வழக்கு. போட்டோஷாப்பின் ஹாஃப்டோன் ஃபில்டரை ஆர்ஜிபி கோப்பில் அழுத்தினால் அது ஒளியின் மூன்று வண்ணங்களைப் புள்ளியாக்கும். அச்சகம் பிரித்ததோ மையின் நான்கு வண்ணங்களை. முறையாகச் செய்ய விரும்புகிறவர் ஒவ்வொரு மையையும் தனி அடுக்காக வைத்து, ‘மல்டிப்ளை’ முறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடட்டும். தீட்டப்பட்ட அட்டையை மீட்டெடுப்பவர் புள்ளியை அறவே விட்டுவிட்டு ஒளி எங்கிருந்து விழுகிறது என்று கற்கட்டும். ஒரு மூல அட்டையை எதிரே வைத்து, நாயகன் எந்த மூலையில் நிற்கிறான், தலைப்புக்கு வானம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, கண் முதலில் எங்கே போகிறது என்று அளக்கட்டும். தலைப்பைக் கையால் பத்து முறை எழுதிப் பார்த்துப் பதினோராவதைக் கணினியில் ஏற்றட்டும்.

கடைசியாக, படத்தின் கீழே யாருடைய அட்டையிலிருந்து கற்றேன் என்று ஒரு வரி. கலைஞருக்குச் செலுத்த வேண்டிய கடனில் மிகக் குறைந்த தவணை அது. அதையும் செலுத்த மனமில்லாதவர் ‘மீட்டெடுப்பு’ என்ற சொல்லைத் தொடாதிருப்பது நல்லது.