தமிழாய்வில் விளக்கப்படங்களின் சான்றுமதிப்பு

பாடலடியை எடுத்தாளும்போது பதிப்பு, பாடவேறுபாடு, பாடல் எண் ஆகியவற்றில் காட்டப்பெறும் கண்டிப்பு, அதே ஆய்வேட்டில் இடம்பெறும் விளக்கப்படத்தின்மீது காட்டப்பெறுவதில்லை. கணினிவழிச் சொல்லடைவுகளும் தொடரடைவுகளும் கைக்கெட்டியபின் சங்க இலக்கிய ஆய்வுகளில் எண்ணிக்கை சார்ந்த வாதங்கள் பெருகியுள்ளன. உடன் முப்பரிமாண வட்டங்களும் பலவண்ணப் பட்டைகளும் பெருகியுள்ளன. மென்பொருள் முதலில் காட்டும் வடிவமே பெரும்பாலும் அச்சேறிவிடுகிறது. மதிப்பீட்டாளரும் அதனைப் பக்க அழகாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். ஆனால் விளக்கப்படமும் ஒரு கூற்றே. கூற்றுக்குரிய பொறுப்பு அதற்கும் உண்டு.

கடவுள் வாழ்த்து நீங்கலான கலித்தொகைப் பாடல்கள் 149. அவற்றுள் பாலை 35, குறிஞ்சி 29, மருதம் 35, முல்லை 17, நெய்தல் 33. இவற்றை வட்ட விளக்கப்படமாக வரைந்தால் பாலைக்கும் நெய்தலுக்கும் இடையிலான கோண வேறுபாடு 5 பாகைக்கும் குறைவு; கண்ணால் பிரித்தறிதல் அரிது. வட்டத்தைச் சாய்த்து முப்பரிமாணமாக்கினால் முன்னிற்கும் துண்டு பெருத்தும் பின்னிற்பது சிறுத்தும் தோன்றி, உள்ள சிறு வேறுபாடும் திரிந்துவிடும். பொது அளவுகோலின்மீது அமைந்த இடங்களை ஒப்பிடும்போது நேரும் பிழை, கோணங்களை ஒப்பிடும்போது நேரும் பிழையினும் குறைவு என்பதைக் கிளீவ்லாண்ட், மெக்கில் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. ஆகவே இங்குப் பட்டை விளக்கப்படமே பொருந்தும். பட்டையில் நீளமே பொருள் தருவதால் அதன் அச்சு சுழியில் தொடங்கவேண்டும். 15இல் தொடங்கினால் முல்லை 2 அலகும் பாலை 20 அலகும் நீண்டு, உண்மையில் இருமடங்கான வேறுபாடு பத்து மடங்காகத் தோன்றும். அத்தகைய படத்தைக் கண்டு முல்லை புறக்கணிக்கப்பட்டதென முடிவு கூறினால், அம்முடிவுக்கு அச்சின் தொடக்கப்புள்ளியைத் தவிர வேறு சான்றில்லை. (ஐந்தே எண்களுக்குப் படம் எதற்கு என்றும் கேட்கலாம், சிறிய அட்டவணையே போதும்.)

அகநானூற்றில் நேரும் தவறு இன்னும் நுண்ணியது. பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் தலா 40 என்பதை வட்டமாக வரைந்து, சரிபாதியைப் பாலை பிடித்திருப்பதால் அதுவே புலவர்தம் விருப்பத் திணை என்று எழுதிவிடலாம். ஒற்றையெண் பாடல்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்தின் மடங்காய் வருவன நெய்தல். இது தொகுத்தோர் வகுத்த முறை. புலவர் எவ்வளவு பாடினர் என்பதை இவ்வெண்கள் கூறா. வட்டம் இந்த முறையை முற்றிலும் மறைத்துவிடுகிறது. மாறாக, வரிசைக்குப் பத்தாக நாற்பது வரிசைகளில் 400 கட்டங்களை வரைந்து திணைக்கொரு சாயல் இட்டால், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரே திணையாக நிற்கும். தொகுப்பு நெறி ஒரே பார்வையில் புலனாகும். ஒரே தரவு, ஒரு வடிவம் தவறான வினாவைத் தூண்டுகிறது, மற்றது சரியான வினாவை எழுப்புகிறது. எந்த வடிவம் என்பதை முடிவுசெய்ய நூலறிவு வேண்டும். மென்பொருளின் பட்டியலில் அது கிடைக்காது.

சொல்லாட்சி எண்ணிக்கைகளை நூல்வாரியாக ஒப்பிடும் படங்களிலும் இதே குறை உண்டு. ஐங்குறுநூற்றின் பாடல்கள் 500 ஆயினும் 3 முதல் 6 அடி வரையின; மொத்தம் 3000 அடியைத் தாண்டாது. அகநானூறு 400 பாடல்களே. 13 அடிக்குக் குறையாததால் 5200 அடிக்குக் குறையாது. வெறும் எண்ணிக்கையைப் பட்டையாக்கினால் பெரும்பாலான சொற்களுக்கு அகநானூற்றுப் பட்டையே உயர்ந்து நிற்கும். ஆயிரம் சொல்லுக்கு இத்தனை என்று கணக்கிட்ட பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகும்.

அச்சு குறித்தும் ஒன்று. கருப்பு வெள்ளையில் அச்சாகும் இதழில் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடலாம். குறிவிளக்கப் பெட்டியை நீக்கித் திணைப்பெயரைப் பட்டையின் அருகிலேயே எழுதினால் வண்ணம் தேவைப்படாது. பட்டைகளைத் தொல்காப்பிய வைப்புமுறையில் அடுக்குவதா, அளவின் இறங்குவரிசையில் அடுக்குவதா என்பதும் ஆய்வாளர் காரணத்துடன் முடிவுசெய்ய வேண்டியது. மொத்த எண்ணிக்கை, எண்ணும் அலகு, அடிப்படைப் பதிப்பு ஆகிய மூன்றும் படத்தின் அடியில் இல்லாத கட்டுரையை, பாடல் எண் இல்லாத மேற்கோளைப் போலவே, மதிப்பீட்டாளர் திருத்தத்திற்குத் திருப்பியனுப்பலாம்.