பிரிண்டருக்கு யார் ஆடிட்டர்?

கல்லாவில் 50 ரூபாய் குறைந்தால் ராத்திரி பத்து மணி வரை கணக்குப் பார்க்கிற கடைக்காரர்கள், பிரிண்டர் குடிக்கிற இங்க்கை மட்டும் அளந்து பார்ப்பதே இல்லை!

கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் சாம்பல் நிற கோட் பச்சையாக வந்து நிற்கிறது. கேட்டால், "மானிட்டர்ல வேற மாதிரிதான் சார் தெரியும்" என்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் பச்சையைக் கொஞ்சம் குறைத்து இன்னொரு பிரிண்ட். அதுவும் சரியில்லையா, மூன்றாவது. இந்த மூன்று தாளும் இங்க்கும் யார் தலையில் விழுகிறது? சந்தேகமென்ன, வாடிக்கையாளர் தலையில்தான்.

மானிட்டர் யோக்கியமா என்பது வேறு கதை. ஆனால் பிரிண்டரின் பொய்யை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்க்ஜெட்டிடம் 50 சதவிகிதம் கேட்டால் 50 தருவதில்லை. துளி தாளில் பரவுகிறது, போதாக்குறைக்குத் தாளுக்குள் வெளிச்சமும் சிதறுகிறது. கடைசியில் கண்ணுக்கு 65, 70 மாதிரி தெரியும். மேலே போகப் போக நிலைமை தலைகீழ். சாதாரணத் தாளில் ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு இங்க் ஊற்றினாலும் கறுப்பு கூடாது, சில மேட் தாள்களில் குறையக்கூடச் செய்யும். குறைந்து செல் விளைவு விதிக்கு உதாரணம் தேடி வயலுக்குப் போக வேண்டாம், இதுவே போதும். நாலு இங்க்கும் முழுதாக விழுந்தால் 400 சதவிகிதம். நல்ல கோட்டிங் தாளே பெரும்பாலும் 240 முதல் 300 வரைதான் தாங்கும். மிச்சமெல்லாம் காயாமல் ஒட்டிக்கொள்ளும் காசு.

முதலில் நாசில் செக். அப்புறம் தாளுக்கு ஏற்ற இங்க் வரம்பு. அதற்கடுத்து லீனியரைசேஷன். அதாவது, ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 100 வரை, உதாரணத்துக்கு 21 கட்டங்கள் அச்சடித்து, நன்றாகக் காய்ந்தபின் டென்சிட்டோமீட்டரிலோ ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரிலோ அளந்து, கூடுகிற இடத்தில் குறைத்துத் தருகிற ஒரு வளைவை மென்பொருளில் ஏற்றுவது. கேட்டதற்கு ஏற்றபடி நிறம் சீராக ஏறி இறங்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

"எங்களிடம் ஐசிசி ப்ரொஃபைல் இருக்கிறதே" என்று ஒரு கூட்டம் நெஞ்சை நிமிர்த்தும். ப்ரொஃபைல் என்பது அது எடுக்கப்பட்ட நாளில் பிரிண்டர் இருந்த நிலை. மார்ச் 31-ம் தேதி இருப்புநிலைக் குறிப்பை வைத்துக்கொண்டு நவம்பரில் கல்லாவை எண்ணுவீர்களா? ஹெட் தேய்கிறது, இங்க் கம்பெனி மாறுகிறது, மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுக்கிறது. பிரிண்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் பழைய ப்ரொஃபைலைப் போட்டால், பிழையின் மேல் பிழைதான் ஏறும்.

இன்னொரு கூட்டம் "இருபது வருஷ அனுபவம், கண்ணே போதும்" ரகம். அனுபவத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் மனிதக் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். காலையில் பச்சையாகத் தெரிந்த சாம்பல், மதியம் சாம்பலாகவே தெரியும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி இங்க்கையும் கம்பெனித் தாளையும் வைத்து வீட்டில் நாலு படம் போடுகிறவருக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. அந்தச் சேர்க்கைக்கான கணக்கைத் தயாரித்தவர்களே டிரைவரில் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ரீஃபில் இங்க்கும், மாசத்துக்கு ஒரு தாளும் மாற்றுகிற கடைகளுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

கருவி விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், அளக்கும் கருவி சும்மா வராது. ஆனால் மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். ஆர்கில்சிஎம்எஸ் இலவசமாகவே கிடைக்கிறது, லீனியரைசேஷனுக்கென்று அதில் 'பிரிண்ட்கால்' என்று தனி நிரலே உண்டு. ஹெச்பி 2006-லேயே டிசைன்ஜெட் இசட்3100-க்குள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வைத்து விற்றது. வாங்குகிற பெரிய மெஷினில் அது இருக்கிறதா என்று கேட்கக்கூட ஆளில்லை, வேகமும் அகலமும்தான் விசாரிக்கப்படுகின்றன.

கட்டங்கள் அச்சடிக்க ஒன்றிரண்டு தாள், காயவும் அளக்கவும் கொஞ்ச நேரம். அதற்கு நேரமில்லை என்கிறவர்களுக்கு மூன்றாவது பிரிண்ட் போட மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறதோ!