இருபது எழுத்து மந்திரம்

விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எம்ஆர்டியில் ஏறி உட்கார்ந்தாலும், விட்ட இடம் நமக்காகக் கைபேசியில் அப்படியே காத்திருக்கிறது. "சேவ் பண்ணிட்டியா?" என்று இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. 1986ல் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் கிடையாது. அவர்களிடம் இருந்தது ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும்தான்.

அந்த ஆண்டு மே 27ஆம் தேதி, ஃபேமிகாம் கருவிக்காக 'டிராகன் குவெஸ்ட்' என்ற விளையாட்டை எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதை நமக்குப் பழகிய கதைதான். ஒளிக்கோளத்தைக் கவர்ந்து சென்ற டிராகன் அரசன், சிறையில் ஓர் இளவரசி, அவர்களைத் தேடித் தனியாகப் புறப்படும் வீரன். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்திருக்கும் அரக்கனைப் பற்றிப் பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது.

புதிதாக இருந்தது வேறு. அந்த உலகம் முழுவதும், அரண்மனை, ஊர்கள், குகைகள், பேய் பிசாசுகள், இசை உட்பட, 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று காலை உங்கள் மாமா குடும்பக் குழுவில் அனுப்பிய 'காலை வணக்கம்' படம் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

விளையாட்டை வடிவமைத்த யூஜி ஹோரி அடிப்படையில் எழுத்தாளர். கணினியில் வந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' போன்ற விளையாட்டுகளில் மயங்கியவர். அந்தச் சுவையை வீட்டுத் தொலைக்காட்சி முன் உட்காரும் பிள்ளைக்கும் கொடுக்க நினைத்தார். இடம்தான் இல்லை. ஜப்பானிய மொழியில் வெளிமொழிச் சொற்களை எழுதக் கட்டகானா என்று தனி எழுத்து வரிசை உண்டு. அது முழுவதையும் கேசட்டில் வைக்க முடியாமல், ஏறக்குறைய 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பூதங்கள், ஊர்கள், மந்திரங்கள் என்று கட்டகானாவில் எழுத வேண்டிய பெயர்கள் எல்லாம் அந்த இருபதுக்குள்ளேயே பிறக்க வேண்டியிருந்தது. 247 எழுத்து வைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பெயர் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலையும் நம்மவர்களை நினைத்துக்கொண்டேன்.

நோட்டுப்புத்தகத்துக்கு வருகிறேன். கேசட்டில் நினைவைக் காக்கும் பேட்டரி இல்லை. கருவியை அணைத்தால் எல்லாம் போச்சு. எனவே ஆட்டத்தை நிறுத்தும் முன் ராஜாவிடம் போய்ப் பேச வேண்டும். அவர் 'உயிர்த்தெழும் மந்திரம்' என்று 20 எழுத்துகளைச் சொல்வார். வீரனின் பெயர், அனுபவம், தங்கம், கையிலிருக்கும் பொருள்கள் அனைத்தும் அந்த எழுத்துகளுக்குள் கணக்காக ஒளிந்திருக்கும். மறுநாள் அவற்றைப் பிசகாமல் உள்ளிட்டால் வீரன் மீண்டும் ராஜா முன் நிற்பான். ஓர் எழுத்து தப்பினாலும் மந்திரம் பலிக்காது.

ஜப்பானிய எழுத்தில் 'நு'வும் 'மெ'யும் பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி. 'நெ', 'ரெ', 'வா' மூன்றும் அப்படித்தான். மங்கலான தொலைக்காட்சித் திரையில் பார்த்து அவசரமாக எழுதினால் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் துணைக்காலையும் ரகரத்தையும் மாற்றிப் போட்டால் டிக்டேஷனில் ஒரு மதிப்பெண் போகும். அங்கே ஒரு வாரத்து உழைப்பே போனது.

அந்த மந்திரத்தை நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று. முதல் மூன்றும் ஹைக்கூவின் அசைக்கணக்கு. அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டம்கூட வாய்க்கு வந்துவிடும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

நான் இதை விளையாடியது பிற்காலத்தில், கைபேசிப் பதிப்பில். அண்ணன் மகனிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில், "சித்தப்பா, இதுல ஒண்ணுமே நடக்கல" என்று திருப்பித் தந்தான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஊருக்கு வெளியே ஸ்லைம் என்ற கொழகொழப் பிராணியை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை வீழ்த்தினால் ஒரு புள்ளி. இரண்டாம் நிலைக்கு ஏழு புள்ளி. அலுப்புதான், மறைப்பானேன்.

ஆனால் தோற்றால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் மூன்று உயிர் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே செத்தால் ராஜா எழுப்பிவிட்டு, தங்கத்தில் பாதியை எடுத்துக்கொள்வார். அனுபவத்தில் ஒரு புள்ளி குறையாது. விரல் வேகம் இல்லாத பிள்ளையும் பொறுமை இருந்தால் கடைசிவரை போகலாம். சோதனையில் சறுக்கிய பிள்ளை படித்ததெல்லாம் வீண் என்று அழுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, இந்த விதியை உருவாக்கியவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

இன்னொரு குறும்பும் உண்டு. அரண்மனையை விட்டு வெளியே வந்தவுடனே, நீருக்கு அப்பால் எதிரியின் கோட்டை கண்ணில் படும். கூப்பிடு தூரம். அங்கே போக நாடு முழுவதும் சுற்றி வர வேண்டும்.

1988ல் மூன்றாம் பாகம் வந்தபோது பேட்டரி வந்துவிட்டது, நோட்டுக்கு வேலை போய்விட்டது. அதற்கும் ஒரு விலை இருந்தது. கேசட்டின் நினைவு கெட்டுப்போனால் வயிற்றைக் கலக்கும் ஓர் இசை ஒலிக்கும், கதை அத்தோடு சரி. முதல் பாகத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஏதோ ஒரு ஜப்பானிய வீட்டு அலமாரியில் கிடக்கும் நோட்டில் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தால் போதும். பழைய கேசட் எது கிடைத்தாலும் சரி, அந்த இருபது எழுத்தையும் இன்று உள்ளிட்டால், ஒரு சிறுவன் வைத்த நான்கெழுத்துப் பெயரோடும் அவன் சேர்த்த தங்கத்தோடும் வீரன் ராஜா முன் வந்து நிற்பான்.