கிசோப் பள்ளத்தாக்கின் நடைவழி

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் தேடுவதே நம் வழக்கம். மக்கள் நடந்து நடந்து தேய்த்த வழிகளிலும் அவ்வரலாறு படிந்து கிடக்கின்றது. மன்னன் வாழ்வைக் கோட்டை காட்டும். அவன் மூட்டையைச் சுமந்து சென்றவன் வாழ்வைக் காட்டுதற்கு அவன் நடந்த வழியையன்றி வேறு சான்று பெரும்பாலும் எஞ்சுவதில்லை. ஆதலின் பழைய நடைவழிகளை அழியாமற் காப்பது வீண்செலவு அன்று என்பது என் கருத்து. அக்கருத்தை விளக்குதற்கு ஜப்பான் நாட்டு மலைவழி ஒன்றை எடுத்துக்கொள்கின்றேன்.

1603 ஆம் ஆண்டில் டொக்குகாவா இயெயாசு என்பார் ஷோகன் என்னும் தலைமைப் பதவியை ஏற்று, எடோ நகரிலிருந்து ஆட்சி புரியத் தொடங்கினார். அந்நகரமே இன்றைய டோக்கியோ. அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் ஐந்து பெருவழிகள் அமைந்தன. அவற்றுள் இரண்டு பேரரசர் வாழ்ந்த கியோட்டோ நகரை அடைந்தன. ஒன்று கடற்கரை ஓரமாகச் சென்ற டோக்கைடோ. மற்றொன்று மலைகளை ஊடறுத்துச் சென்ற நக்கசெண்டோ. இப்பெயருக்கு நடுமலை வழி என்று பொருள் கொள்ளலாம். அதன் நீளம் ஏறத்தாழ 530 கிலோமீட்டர். அதில் 69 சாவடி ஊர்கள் இருந்தன.

கடற்கரை வழி சமமானது, எளியது. அவ்வாறிருக்க மலையேறிச் சென்றவர் அறிவிலரோ என்று நீங்கள் வினவலாம். கடற்கரை வழியில் பேராறுகள் குறுக்கிட்டன. அவற்றுட் சிலவற்றின்மீது பாலங்கள் இல்லை. கூலியாட்களின் தோள்மீது அமர்ந்தே ஆற்றைக் கடத்தல் வேண்டும். மழை பெய்து வெள்ளம் பெருகினால் கரையிலேயே பல நாள் காத்துக் கிடத்தல் வேண்டும். மலைவழி கடுமையானதேயாயினும் இன்ன நாளில் இன்ன ஊரை அடையலாம் என்று துணிந்து கூற இடந்தந்தது. உயர்குடிப் பெண்டிரின் பல்லக்குகள் இவ்வழியையே மிகுதியும் நாடின. 1861 ஆம் ஆண்டில் பேரரசரின் தங்கை கசுநோமியா ஷோகனுக்கு மணமகளாக எடோ நகருக்குச் சென்றதும் இவ்வழியேதான். அவ்வூர்வலத்தில் பல்லாயிரவர் உடன் சென்றனர். வழியோரச் சிற்றூர்கள் ஆளும் குதிரையும் கொடுத்தல் வேண்டும் என்பது அக்காலத்து ஆணை. உழவன் தன் வயல் வேலையைப் போட்டுவிட்டுச் சுமை தூக்கச் சென்றான். பல்லக்கின் அழகைத் தீட்டிய ஓவியங்களைக் காண்போர் இச்சுமையையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

இவ்வழியின் சிறந்த பகுதி கிசோ என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளது. இருபுறமும் செங்குத்தான மலைகள். இடையே பாறைகளில் மோதி ஓடும் கிசோ ஆறு. மலைச்சரிவெங்கும் அடர்ந்த காடு. அக்காட்டின் செல்வம் ஹினோக்கி என்னும் ஊசியிலை மரம். நறுமணமும் உறுதியும் வாய்ந்த அம்மரத்தைக் கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் விரும்பிக் கொண்டனர். இசே நகரில் உள்ள பெருங்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது ஜப்பானியர் மரபு. அதற்கும் கிசோ மரங்கள் செல்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் வரம்பின்றி வெட்டியமையால் மலைகள் மொட்டையாகத் தொடங்கின. அப்பகுதியை ஆண்ட ஓவாரித் தலைவர்கள் விழித்துக்கொண்டனர். ஹினோக்கி முதலாக ஐந்து வகை மரங்களை ஊரார் வெட்டுதல் கூடாது எனத் தடை விதித்தனர். ஒரு மரத்துக்கு ஒரு தலை என்று மக்கள் அஞ்சிப் பேசும் அளவுக்கு அத்தடை கொடியதாயிருந்தது.

இங்கேதான் நாம் சற்று நிற்றல் வேண்டும். அத்தடையின் பயனாகக் காடு மீண்டும் தழைத்தது. ஏறத்தாழ 300 ஆண்டு வயதுடைய ஹினோக்கி மரங்களை அக்கசாவா என்னும் பகுதியில் இன்றும் காணலாம். 1982 ஆம் ஆண்டில் காட்டின் தூய காற்றில் உலவுதலைக் காட்டுக்குளியல் என்று பெயரிட்டு ஜப்பானிய அரசு பரப்பத் தொடங்கியபோது, முதலில் மக்களைக் கூட்டியது அக்கசாவாவில்தான். ஆனால் அந்நிழல் யார் பட்ட துன்பத்தால் விளைந்தது? கண்ணெதிரே காடு வளர்ந்து நிற்க, தன் குடிசைக்கு ஒரு நல்ல உத்திரம் வெட்டிக்கொள்ள இயலாது வாழ்ந்த மலைவாழ் ஏழைகளால் விளைந்தது. காட்டைக் காத்த சட்டம் நன்றா, தீதா? நன்று என்றோ தீது என்றோ ஒரு சொல்லில் விடையிறுப்பவரை நான் நம்புவதில்லை.

இவ்வினாவை நெஞ்சில் தாங்கி வாழ்ந்த ஒருவர் மாகோமே என்னும் சாவடி ஊரின் கடைசித் தலைவர். அவர் மகனே புகழ்பெற்ற எழுத்தாளர் ஷிமாசாகி தோசோன். 1872 ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த தோசோன், தம் தந்தையின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 'விடியலுக்கு முன்' என்னும் பெரிய நாவலை 1929 முதல் 1935 வரை எழுதி வெளியிட்டார். 1868 ஆம் ஆண்டில் ஷோகன் ஆட்சி முடிந்து பேரரசர் ஆட்சி மலர்ந்தபோது, காடு இனி மக்களுக்குத் திறந்துவிடப்படும் என்று நாவலின் தலைவன் நம்புகின்றான். புதிய அரசோ காட்டைத் தன் உடைமையாக்கிக்கொண்டு கட்டுப்பாட்டை இறுக்குகின்றது. ஊராருக்காக மனு எழுதிய அவன் பதவியை இழக்கின்றான். முடிவில் சித்தம் கலங்கி மடிகின்றான். மாகோமேயின் கற்படிச் சரிவில் ஏறிச் செல்வோர் இக்கதையை அறிந்து செல்வராயின், அக்கற்கள் அவர்க்கு வெறுங்கற்களாகத் தோன்றமாட்டா.

பழைய வழியை வீழ்த்தியது புகைவண்டி. 1911 ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கின் வழியாக இருப்புப்பாதை முழுதும் இணைந்தது. அது ஆற்றோரமாகவே சென்று, மாகோமேக்கு அடுத்த சாவடியாகிய சுமாகோவை விலக்கிவிட்டது. பல்லக்கும் குதிரையும் மறைந்தன, விடுதிகள் வெறிச்சோடின, இளைஞர் நகரங்களை நாடினர். வறுமை ஒருவகையில் சுமாகோவுக்கு உதவியது என்றும் சொல்லலாம். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் பொருளில்லாமையால் மரவீடுகள் பலவும் அப்படியே நின்றன.

1968 ஆம் ஆண்டில் அவ்வூரார் ஒரு முயற்சியைத் தொடங்கினர். சிதைந்த வீடுகள் பழைய முறையிலேயே செப்பனிடப்பெற்றன. 1971 ஆம் ஆண்டில் ஊரார் கூடித் தமக்குத் தாமே ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டனர். தம் வீட்டையும் நிலத்தையும் காட்டையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்பது அதன் சாரம். 1976 ஆம் ஆண்டில் மரபுக் கட்டடங்கள் நிறைந்த ஊர்களை அரசு முதன்முறையாகத் தேர்ந்தெடுத்தபோது சுமாகோவும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஊரார் முடிவு முன்னர், அரசின் ஏற்பு பின்னர் என்னும் இவ்வரிசையை நான் பெரிதும் மதிக்கின்றேன். மேலிருந்து வரும் ஆணையால் காடு காக்கப்பட்ட அதே பள்ளத்தாக்கில், இருந்து வாழ்வோர் விருப்பத்தால் ஊர் காக்கப்பட்டது.

இன்று மாகோமேயிலிருந்து சுமாகோவுக்கு நடப்பவர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். மூன்று மணி நேரம் போதும். 800 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்தபின் வழி காட்டினுள் இறங்குகின்றது. கரடிகளை அகற்றுதற்கென ஆங்காங்கே மணிகள் தொங்குகின்றன. நடப்போர் அவற்றை அடித்துக்கொண்டே செல்வர். இடையில் ஒரு பழைய தேநீர் இல்லம் உண்டு. அங்கே அடுப்பில் நீர் கொதிக்க, ஊர்த்தொண்டர்கள் வழிப்போக்கருக்கு விலையின்றித் தேநீர் அளிக்கின்றனர். பின்னர் இரட்டை அருவிகள். அவற்றையும் கடந்து கீழிறங்கினால் சுமாகோவின் கரிய மரவீடுகள் தென்படும். பகல் நேரத்தில் அத்தெருவில் வண்டிகள் நுழைவதில்லை. மின்கம்பிகளை வீடுகளின் பின்புறமாகக் கொண்டுசென்று மறைத்துள்ளனர். அவ்வூரில் 1877 ஆம் ஆண்டில் ஒரு செல்வர் கட்டிய மாளிகை நிற்கின்றது. தடை நீங்கியதும் அவர் அதனை முழுதும் ஹினோக்கி மரத்தாலேயே கட்டினார்! இரு நூற்றாண்டு ஏக்கம் அத்தூண்களில் தெரிகின்றது என்பது என் எண்ணம்.

இவ்வூர் ஒரு நாடகமேடைக் காட்சி என்று குறை கூறுவாரும் உளர். 1895 ஆம் ஆண்டிலும் 1915 ஆம் ஆண்டிலும் தீக்கிரையாகிப் பின்னர் எழுப்பப்பட்ட மாகோமேயை நோக்கி இக்குறை ஓரளவு பொருந்தலாம். சுமாகோவில் அவ்வீடுகளிலே மக்கள் உறங்குகின்றனர், சமைக்கின்றனர், முதியோரைப் பேணுகின்றனர். அதனை மேடை என்பது பொருந்தாது. வழிநடையை வீண் என்று எண்ணி ஊர்தியிலேயே வந்து, தெருவில் அரைமணி நேரம் நின்று, படம் பிடித்துத் திரும்புவோரிடம்தான் எனக்கு வருத்தம். பள்ளிச் சுற்றுலாக்களும் பெரும்பாலும் இவ்வாறே முடிகின்றன. 8 கிலோமீட்டர் நடந்து சோர்ந்த கால்களோடு நுழையும் மாணவனுக்குத்தான் சாவடி ஏன் அவ்விடத்தில் அமைந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஊரார் வகுத்த ஒழுங்குக்கும் ஒரு விலை உண்டு. பிள்ளைகள் நகரம் சென்றபின் முதியோர் மறைந்துவிட்டால் அவ்வீட்டை அயலாருக்கு விற்கவும் இயலாது, வாடகைக்கு விடவும் இயலாது. ஜப்பானின் மலையூர்கள் பலவும் ஆளின்றி வெறுமையாகி வருகின்றன. பூட்டிய வீடுகளின் தெரு எவ்வளவு அழகாயிருப்பினும் அதனை ஊர் என்று நான் ஒப்பமாட்டேன். குடும்பத்தோடு வந்து நிலைத்து வாழ எண்ணும் இளைஞருக்கு அவ்விதியைச் சற்று நெகிழ்த்தித் தருதல் தகும். பருவந்தோறும் வந்து கடை விரித்துச் செல்ல விரும்பும் வணிகருக்கு அது நெகிழவேண்டியதில்லை.