தூக்குச்சட்டியும் தொழிலாளர் உரிமைதான்

வேலைக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது இப்போது கைபேசியில் ஒரு ரசனையாகிவிட்டது. ஜப்பானிய 'பென்டோ' டப்பாவில் தடுப்புத் தடுப்பாகச் சோறு, முட்டை, காய்கறி. உடலுக்கு நல்லது, காசும் மிச்சம் என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. ஆனால் தாயில்பட்டியிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் தலைமுறையாகத் தூக்குச்சட்டி சுமக்கிறார்கள். அது ரசனை அல்ல, கட்டாயம்.

கம்பெனி வண்டி வருவதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, சட்டியைக் கட்டியாக வேண்டும். அதற்காக இருட்டில் எழுந்திருக்கும் நேரம் எந்தக் கூலியிலும் சேராது. மதியச் சோறில்லாமல் மாலைவரை யாரும் வேலை பார்க்க முடியாது. அப்படியானால் அந்தச் சோறும் உற்பத்திச் செலவுதானே? அதை முதலாளி ஏற்கவில்லை. தொழிலாளியின் அடுப்பு ஏற்கிறது.

அந்தச் சட்டியை எங்கே திறக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். காலை முழுக்க அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் படிந்த கை அது. சோப்பும் போதுமான தண்ணீரும் இல்லாத இடத்தில் மருந்தும் சோற்றோடு உள்ளே போகிறது. பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. டெல்லியின் காற்றை முன்வைத்துத் தொடங்கிய வழக்கு அது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரல் முக்கியம், சந்தேகமில்லை. அதே மருந்தைத் தொட்ட கையால் சோறு உண்ணும் பெண்ணைப் பற்றி எத்தனை விவாதம் நடந்தது?

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 42-ஆம் பிரிவில் கை கழுவும் வசதியை, பெண்களுக்குத் தனியாக மறைப்புடன், கட்டாயமாக்கியது. 47-ஆம் பிரிவு, 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், கொண்டுவந்த சாப்பாட்டை உண்ணக் குடிநீரோடு தனி அறை வேண்டும் என்றது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி நேர இடைவேளை வேண்டும் என்றது 55-ஆம் பிரிவு.

பிறகு ஏன் மரத்தடியில் சாப்பிடுகிறார்கள்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் உள்குத்தகைக்குப் போகும். ஒவ்வொரு குத்தகைதாரரிடமும் சிலரே வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டினால் சட்டம் கேட்கும் எண்ணிக்கை வரவே வராது. இடைவேளையும் காகிதத்தோடு சரி. செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்றால், சாப்பிடும் அரை மணி நேரத்தின் விலையைத் தொழிலாளியே கொடுக்கிறார். அதனால் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

இந்த வேலையில் கணிசமானவர்கள் தலித் பெண்கள். டீக்கடையின் இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய நாம், வேலையிடத்தின் சோற்று வட்டத்தையும் பார்க்க வேண்டும். யார் யாரோடு உட்காருகிறார்கள், குழம்பு கை மாறுகிறதா, தண்ணீர்க் குடத்தை எல்லோரும் தொடலாமா? மகத் குளத்தில் 1927-இல் அண்ணல் கேட்டதும் தண்ணீரைத்தான். 1946-இல் தொழிலாளர் உறுப்பினராக இருந்து வாரத்துக்கு 48 மணி நேர வேலைக்கான சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவரேதான். சாதியையும் வேலை நேரத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

காமராசர் பிறந்த மாவட்டம் இது. பள்ளிப் பிள்ளையின் மதியச் சோறு அரசின் பொறுப்பு என்று இந்த மாநிலம் 1950-களிலேயே ஏற்றுக்கொண்டது. இன்று காலை உணவும் வந்துவிட்டது. பிள்ளையின் தட்டு பொதுப் பிரச்சினை, தாயின் தூக்குச்சட்டி மட்டும் அவள் சொந்தப் பிரச்சினையா?

2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம், அதே ஆண்டு தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் நடந்த வெடிவிபத்து. ஒவ்வொரு முறையும் நாம் மருத்துவமனை வாசலுக்கு ஓடுகிறோம், இழப்பீடு கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வெடிக்காத நாட்களிலும் அந்தப் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, ஆய்வுக்கோ களப்பணிக்கோ இந்தப் பக்கம் வந்தால் கூலியோடு சேர்த்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? எங்கே சாப்பிட்டீர்கள்? எதைக் கொண்டு கை கழுவினீர்கள்? எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள்? பதில்களைத் தேதியோடு எழுதி, தொழிற்சங்கத்திடமும் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரியிடமும் மனுவாகக் கொடுங்கள். உள்குத்தகைக் கணக்கை உடைக்க அந்தப் பதில்கள் உதவும்.

ஜெய் பீம்.